அப்பாவின் சார்ட்டில் ஜி.சி.எஸ். 10 என்றால் பத்துக்குப் பத்தா?

கேட்டவர் அப்பாவை மூளை இரத்தக்கசிவுக்காக பினாங்கில் வார்டில் சேர்த்திருக்கிறார். சார்ட்டில் 10 என்று பார்த்துவிட்டு நல்லதா கெட்டதா என்கிறார்.

பத்துக்குப் பத்து இல்லைங்க. ஜி.சி.எஸ். என்பது கிளாஸ்கோ கோமா ஸ்கேல், நோயாளிக்கு எவ்வளவு சுயநினைவு இருக்கிறது என்று அளக்கும் மதிப்பெண். முழு மதிப்பெண் 15. அடிமட்டம் 3, அசைவே இல்லாதவருக்கும் அந்த 3 உண்டு. 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு நரம்பியல் அறுவை மருத்துவர்கள் தொடங்கிவைத்த முறை. இப்போதைய கணக்கில் கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6.

இங்கே தாதியாக இருக்கிறேன். கூட்டுத்தொகையை மட்டும் சொன்னால் டாக்டரே விடமாட்டார், பிரித்துக் கேட்பார். கண் 4, பேச்சு 1, அசைவு 5 என்றாலும் 10தான். கண் 2, பேச்சு 3, அசைவு 5 என்றாலும் 10தான். முதல் ஆள் முழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார், வாய்தான் வரவில்லை. மற்றவர் வலி கொடுத்தால்தான் கண்ணைத் திறக்கிறார், சம்பந்தமில்லாத சொல் ஒன்றிரண்டு வருகிறது. இருவரும் ஒன்றா?

வலிக்கு அசைவு வருகிறதா என்று பார்க்கத் தோள்பட்டைச் சதையை அழுத்தும்போது, "ஏன் மிஸ்ஸி இப்படிக் கிள்ளுறீங்க?" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. கை கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே வந்து எங்கள் கையைத் தட்டிவிடப் பார்த்தால் அசைவுக்கு 5. விரல் நகத்தில் அழுத்தும்போது கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் 4. சொன்னதைச் செய்தால் 6. அதற்கும் "கையைப் பிடிங்க" என்று கேட்டால் போதாது. உள்ளங்கையில் எது பட்டாலும் சிலருக்குத் தானாக மூடிக்கொள்ளும். "இப்ப விடுங்க" என்றதும் விட வேண்டும்.

எனக்கு உறுத்துவது பேச்சு மதிப்பெண். தமிழ் மட்டும் தெரிந்த பாட்டியிடம் மலாயில் "இது எந்த இடம், என்ன மாதம்" என்று கேட்டால் பாவம் திருதிருவென்று முழிப்பார், சார்ட்டில் குழப்பம் என்று 4 விழும். தமிழில் கேட்டால் "ஜி.எச். (பெரிய அரசு மருத்துவமனை), வேறெங்க?" என்று அதட்டுவார். அது முழு 5. அப்பாவுக்கு எந்த மொழி வரும், காது கேட்கிறதா, பக்கவாதத்தில் பேச்சு முன்பே போய்விட்டதா என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்றைய 10-ஐ விட நேற்று எவ்வளவு என்பதுதான் முக்கியம். 8-இலிருந்து ஏறிய 10 என்றால் மூச்சு விடலாம். 13-இலிருந்து இறங்கியதென்றால் டாக்டரை உடனே பார்த்துக் கேளுங்கள். தூக்க மருந்து ஓடுகிறதா என்பதையும் கேளுங்கள், அதுவும் எண்ணை இறக்கும். மூச்சுக்குழாய் போட்டிருந்தால் பேச்சுக்கு எண்ணுக்குப் பதில் 'டி' (டியூப்) என்று இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.