குடும்பக் கதையை நாவலாக எழுதும் மகள்: தடுக்கலாமா?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் ஆறு மாதமாக ஒரு நாவல் எழுதுகிறாள். அவளே படிக்கக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் நடந்த பணத் தகராறு, என் தம்பியின் பேச்சு, நடை எல்லாம் அப்படியே வந்திருக்கிறது. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறாள். உறவு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்பதும் தெரியவில்லை. நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: நிறுத்தச் சொல்லாதீர்கள். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றிவிட்டு நிஜ மனிதர்களை எழுதினால் உறவும் கெடும், நாவலும் சப்பென்று ஆகும். நடந்ததையும் கற்பனையையும் சரியாகக் கலக்கத் தெரிந்துகொண்டால் இரண்டும் பிழைக்கும். அது பழகினால் வரக்கூடிய தொழில்நுட்பம்தான்.

முதலில் பிழைப்பு. முதல் நாவலின் வருமானத்தை வைத்து எந்தத் திட்டமும் போட வேண்டாம். படிப்பு தொடரட்டும். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 300 சொல் எழுதினால் 60,000 சொற்கள் கொண்ட முதல் வரைவு 40 வாரத்தில் முடிந்துவிடும். தினம் முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். தேர்வு வாரங்களில் விட்டுவிடலாம். திருத்தி எழுதுவதற்கு இன்னும் ஆறு மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாவலை முடித்தவருக்குக் காட்சி அமைக்கவும், உரையாடல் எழுதவும், தன் எழுத்தைத் தானே வெட்டவும் வந்துவிடும். திரைக்கதை, விளம்பர வாசகம், வீடியோ கேம் கதையமைப்பு, பதிப்பக எடிட்டிங் என்று எல்லா இடத்திலும் கேட்கிற திறமை இது. படைப்பெழுத்துப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கும்போதும் பெரும்பாலும் மாதிரிப் பக்கங்களைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஒரே ஒரு துறையில் மட்டும் இந்தக் கலவைக்கு இடம் கிடையாது: பத்திரிகை. ஜேனட் குக் என்ற அமெரிக்க நிருபர் போதைக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதிய செய்திக்கு 1981-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அப்படி ஒரு சிறுவனே இல்லை என்று தெரிந்ததும் பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று, வேலையும் போயிற்று. மகளுக்கு இரண்டு துறையிலும் ஆசை இருந்தால் இந்தக் கோட்டை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளட்டும்.

அடுத்தது, பெயர் மாற்றம் ஏன் போதாது என்பது. ரஷ்ய மன்னர் குடும்பத்துக்கு நெருக்கமாக இருந்த சாமியார் ரஸ்புடினைப் பற்றி 1932-ல் ஒரு ஹாலிவுட் படம் வந்தது. அதில் வரும் இளவரசியின் பெயர் நடாஷா. ரஸ்புடின் கொலையில் பங்கெடுத்த யூசுபோவின் மனைவி இரினா, அது தன்னைத்தான் குறிக்கிறது என்று லண்டனில் வழக்குப் போட்டு, 25,000 பவுண்டு இழப்பீடு வாங்கினார். சுற்றியிருந்த சம்பவங்களும் கணவரின் சாயலும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டன. ‘பாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே’ என்ற அறிவிப்பு பரவலானது இந்த வழக்குக்குப் பிறகுதான். அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். அவதூறுச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். அச்சுக்குப் போகும்முன் பதிப்பாளர் வழியாக ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது.

இனி எழுதுவது மகளுக்கு. அவரிடமே படிக்கக் கொடுங்கள்.

ஒரு நோட்டில் பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் நடந்தது. இரண்டாவதில் யார் சொல்லி உங்களுக்குத் தெரியும் என்பது. மூன்றாவதில் உங்களுக்குத் தெரியாதது. முப்பது சம்பவங்களையாவது இப்படி எழுதிப் பாருங்கள். மூன்றாவது பத்தி எங்கே நீளமாக இருக்கிறதோ அங்கேதான் நாவல் இருக்கிறது. எல்லாம் தெரிந்த சம்பவத்தில் கற்பனைக்கு வேலை இல்லை. அதை எழுதினால் நாட்குறிப்பாகத்தான் வரும். முப்பதில் ஐந்தாறு தேறினால் ஒரு நாவலுக்குத் தாராளம்.

உங்கள் மாமாவையே எடுத்துக்கொள்வோம். கடன் வாங்கினார், திருப்பித் தரவில்லை, வீட்டில் சண்டை. கூடவே சில்லறையை இரண்டு முறை எண்ணும் பழக்கம் அவருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதை அப்படியே எழுதினால் முடிவு வாசகருக்கு முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். பழக்கத்தை ஆளிடமிருந்து கழற்றுங்கள். சில்லறை எண்ணும் விரல்களை விடுதி வரவேற்பில் உட்காரும் ஐம்பது வயதுப் பெண்ணுக்குக் கொடுங்கள். கடனைத் தலைகீழாகத் திருப்புங்கள்: கொடுத்தவர் அவர், வாங்கியவர் எதிரே வந்தால் கொடுத்தவர்தான் தெரு மாறிப் போகிறார். ஏன் ஒளிகிறார்? திருப்பிக் கேட்க நேர்ந்துவிடுமோ என்ற கூச்சமா? அந்தப் பணமே அவருடையது இல்லையா? இந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் 200 பக்கம் வேண்டும். நீங்கள் பார்த்த அவமானம் இதில் முழுசாக இருக்கும், மாமா மட்டும் இருக்க மாட்டார்.

ஒரு பாத்திரத்துக்குக் குறைந்தது மூன்று பேரிடமிருந்து எடுப்பது நல்ல வழக்கம்: ஒருவரின் பேச்சு, இன்னொருவரின் தொழில், மூன்றாமவரின் காயம். வயதைப் பத்து ஆண்டாவது தள்ளுங்கள். உறவுமுறையைக் கட்டாயம் மாற்றுங்கள். தெரிந்தவர்கள் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ‘இவர் அவருக்குத் தம்பி’ என்ற முடிச்சை வைத்துத்தான். ஆட்களையும் குறையுங்கள். நிஜத்தில் ஒன்பது அத்தை, சித்தி இருக்கலாம்; வாசகரால் ஒன்பது பேரை நினைவில் வைத்திருக்க முடியாது. இரண்டாக உருக்கிவிடுங்கள்.

பெரும்பாலான முதல் வரைவுகள் சரிவது, கதை சொல்பவர் எழுத்தாளராகவே இருக்கும் இடத்தில். சுற்றியிருக்கும் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள், சொல்பவர் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார், வருந்துகிறார். தன்னை நியாயப்படுத்தும் ஆசை நம்மை அறியாமல் பேனாவைப் பிடித்துக்கொள்வதால் வரும் கோளாறு இது. மருந்து சற்றுக் கடினம்: நீங்கள் செய்யாத, ஆனால் செய்யக்கூடிய ஒரு தவறை அந்தப் பாத்திரத்தைச் செய்ய வையுங்கள். ஒரு கடிதத்தை மறைக்கட்டும், தெரிந்தே ஒரு பொய்க்குத் துணை போகட்டும். அந்தக் கணத்தில் பாத்திரம் உங்களிடமிருந்து பிரிந்து தனியே நடக்கத் தொடங்கும்.

‘இது நம்பும்படியாக இல்லையே’ என்று ஒருவர் சொன்னால், ‘உண்மையிலேயே நடந்ததுதான்’ என்று பதில் சொல்லாதீர்கள். வாழ்க்கையில் தற்செயல் சகஜம். நாவலில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு காரணம் கேட்பார்கள். சம்பவத்துக்கு மூன்று அத்தியாயம் முன்பே அதன் விதையைப் போடுங்கள், இல்லையென்றால் சம்பவத்தையே விட்டுவிடுங்கள். முடிவும் அப்படித்தான். குடும்பக் கதை போன மாதம் வரை வந்து நின்றுபோகும், ஏனென்றால் வாழ்க்கை அதற்கு மேல் நடக்கவில்லை. அதனால் கடைசிக் காட்சியை முழுக்கக் கற்பனையாக, நாவலின் பாதியிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். போகிற வழி தெரியும்.

கற்பனைக் காட்சிகள் நினைவுக் காட்சிகளுக்குப் பக்கத்தில் வெளிறித் தெரிவதும் உண்டு. நினைவில் கதவின் கிறீச்சொலிகூட இருக்கும். கற்பனையில் ‘ஓர் அறை’ மட்டும் இருக்கும். ஒவ்வொரு கற்பனைக் காட்சிக்கும் விசாரித்துத் தெரிந்துகொண்ட இரண்டு விவரமாவது சேருங்கள். அந்த விடுதி வரவேற்பில் சாவிகள் எங்கே தொங்கும், இரவு எத்தனை மணிக்குக் கணக்கை முடிப்பார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஆங்கில எழுத்தாளர் டேனியல் டீஃபோ இதில் நல்ல பாடம். 1665-ல் லண்டனைக் கொள்ளைநோய் சூறையாடியபோது அவர் சின்னக் குழந்தை. 1722-ல் அதைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில் வாராந்தரச் சாவுப் பட்டியல்கள் நிஜம். ஊரில் தங்கிவிட்டு எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லும் சேண வியாபாரி புனைவு. பொது உலகத்தின் கணக்கைத் தொடாதீர்கள். 2005-ல் நடக்கும் காட்சியில் வாட்ஸ்அப் செய்தி வந்தால், அது தொடங்கியதே 2009-ல் என்று தெரிந்த வாசகர் அடுத்த பக்கத்தை நம்ப மாட்டார்.

முதல் வரைவை யாரிடமும் காட்ட வேண்டாம். அதில் மாமா மாமாவாகவே இருந்தாலும் பரவாயில்லை. கோபம் முதலில் இறங்கட்டும். மாற்றமெல்லாம் இரண்டாம் வரைவில்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: இரண்டாம் வரைவு வரும்வரை ‘இது யார்?’ என்று கேட்காதீர்கள். கேட்டால் மகள் தன் எழுத்தைத் தானே தணிக்கை செய்யத் தொடங்குவார், அதைத் திருத்துவது மிகவும் கஷ்டம். வரைவு முடிந்ததும் உங்கள் குடும்பத்தை நன்கு அறிந்த, வாய் காக்கும் ஒருவரிடம் முதல் ஐம்பது பக்கத்தைக் கொடுக்கலாம். எந்தப் பாத்திரத்தைப் பார்த்து அவர் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்கிறாரோ, அந்தப் பாத்திரத்தை மட்டும் மகள் மறுபடி கலைத்துக் கட்டட்டும்.