நாளை கொலம்பியாவில்: சவுத் கரோலினா – எல்.எஸ்.யு. ஆட்டத்துக்கு முன் கேள்வி பதில்

2025 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை மாலை, அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் தரவரிசையின் 2ஆம் இடத்தில் இருக்கும் சவுத் கரோலினாவும் 5ஆம் இடத்தில் இருக்கும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமும் மோதுகின்றன. பின்னதை எல்லோரும் எல்.எஸ்.யு. என்றே சொல்கிறோம். ஆட்டம் சவுத் கரோலினாவின் சொந்த ஊரான கொலம்பியாவில். நம் நேரத்துக்குச் சனிக்கிழமை விடியற்காலை. ஒரு வாரமாகக் கேள்விகள் வந்து குவிந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். கல்லூரி அணிக்கு நான்கு ஆண்டுகள் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவளாக, ஆடியவள் நான். அதனால் கார்டுகள் பக்கம் கொஞ்சம் சாய்ந்து பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: அக்கா, பருவம் பாதிதானே முடிந்திருக்கிறது. இந்த ஒரு ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்?

எல்.எஸ்.யு. இதுவரை 20 ஆட்டம் ஆடி இருபதிலும் வென்றிருக்கிறது. சவுத் கரோலினா 18 வெற்றி, ஒரு தோல்வி. அந்த ஒரு தோல்வி நவம்பரில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணியிடம், 77–62. அதற்கு முன் தொடர்ந்து 43 ஆட்டம் வென்றிருந்தார்கள். கான்ஃபரன்ஸ் ஆட்டங்களிலும் இரண்டு அணிகளும் இன்னும் தோற்கவில்லை. போதாக்குறைக்கு, வழக்கமான பருவத்தில் இவர்கள் இருவரும் இந்த ஒரே முறைதான் சந்திக்கிறார்கள். தோற்றவர் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் மார்ச் வரை காத்திருக்க வேண்டும்.

கே: கான்ஃபரன்ஸ், கான்ஃபரன்ஸ் என்கிறீர்கள். அது லீக் போன்றதா?

கிட்டத்தட்ட அதேதான். பல்கலைக்கழகங்கள் வட்டாரவாரியாகச் சேர்ந்து அமைத்துக்கொண்ட கூட்டமைப்பு. இவர்கள் இருப்பது எஸ்.இ.சி. என்ற தென்கிழக்குக் கூட்டமைப்பு. கடந்த ஜூலையில் டெக்சாஸும் ஓக்லஹோமாவும் வந்து சேர்ந்த பிறகு மொத்தம் 16 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் 16 கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள்: மற்ற 15 அணிகளோடும் ஒவ்வொரு முறை, அவற்றில் ஏதாவது ஒன்றோடு மட்டும் இரண்டாம் முறை.

முதல் நான்கு இடங்களில் முடிப்பவர்கள் மார்ச் மாதக் கான்ஃபரன்ஸ் போட்டியில் முதல் இரண்டு சுற்றுகளை ஆடாமலே காலிறுதிக்குப் போய்விடலாம். அந்தப் போட்டி நடப்பது கிரீன்வில்லில். அதுவும் சவுத் கரோலினா மாநிலம்தான்; கொலம்பியாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் கூட ஆகாது. மற்ற அணிகளின் ரசிகர்கள் இதற்காகப் பல்லைக் கடிப்பதில் நியாயம் இருக்கிறது.

அதற்குப் பிறகு 68 அணிகள் ஆடும் தேசியப் போட்டி. அதில் முதல் 16 தரநிலை பெறுபவர்கள் முதல் இரண்டு சுற்றுகளைச் சொந்த அரங்கிலேயே ஆடலாம். இந்த இரு அணிகளுக்கும் அது எப்படியும் கிடைத்துவிடும். நாளைய ஆட்டத்தில் தீர்மானமாகப்போவது அதற்கும் மேலே, முதல் நான்கு தரநிலைகளுக்குள் யார் என்பதுதான்.

கே: எல்.எஸ்.யு.வின் 20–0 உண்மையான பலமா, எளிய அணிகளோடு ஆடிச் சேர்த்ததா?

இரண்டும் கலந்தது. நவம்பர், டிசம்பரில் ஆடிய பல அணிகள் எல்.எஸ்.யு.வுக்கு ஈடே அல்ல. பஹாமாஸில் வாஷிங்டனோடு ஆடியபோது கைலின் கில்பர்ட் கடைசி நொடியில் போட்ட கூடையால் ஒரு புள்ளியில் தப்பித்தார்கள். ஸ்டான்ஃபோர்டை வெல்லக் கூடுதல் நேரம் தேவைப்பட்டது. இந்த மாதம் டென்னசியை அவர்கள் ஊரிலேயே வென்றது மெய்யான வெற்றி. ஆனால் அதுவும் 89–87.

சவுத் கரோலினாவோ டியூக், டி.சி.யு., டெக்சாஸ் எனப் பெரிய அணிகளைத் தேடித்தேடி ஆடியிருக்கிறது. டெக்சாஸை 67–50 என்று அடக்கினார்கள். போன ஞாயிறு ஓக்லஹோமாவை 101–60. நெருக்கடியில் தப்பிக்கத் தெரிந்த அணி ஒன்று, நெருக்கடியே வராமல் பார்த்துக்கொள்ளும் அணி மற்றொன்று. என் கணக்கில் இரண்டாவதுதான் கனமானது.

கே: நான் ஒரு பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எல்.எஸ்.யு.வின் அனீசா மோரோவின் உயரம் 6 அடி 1 அங்குலம்தான். தன்னைவிட உயரமானவர்களுக்கு நடுவே ரீபவுண்டில், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதில், நாட்டின் முன்னணியில் எப்படி இருக்கிறார்? என் பெண்களுக்குச் சொல்லித்தர முடியுமா?

இந்தக் கேள்விக்காகவே இன்றைக்கு உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாளை ஆட்டம் ஓடும்போது பந்தைப் பார்க்காதீர்கள். கஷ்டம்தான், ஆனாலும் ஐந்து நிமிடம் மோரோவை மட்டும் பாருங்கள். சக வீராங்கனை வலது மூலையிலிருந்து எறியக் கையைத் தூக்கும்போதே மோரோ வளையத்தின் இடது பக்கம் நகர ஆரம்பித்திருப்பார். மூலையிலிருந்து எறிந்து தவறும் பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் விழும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. தெரிந்தும் எறிந்தவுடன் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள்தான் அதிகம், அவர் பார்ப்பதில்லை.

அடுத்தது இடுப்பு. தடுக்க நிற்பவரின் முதுகோடு மல்லுக்கட்ட மாட்டார். ஒரு காலை அவருக்கு முன்னால் நுழைத்து, இடுப்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் உள்ளே வந்துவிடுவார். கையால் தள்ளினால் ஃபவுல். கால் முதலில் போய்விட்டால் தள்ள வேண்டிய தேவையே இல்லை.

மூன்றாவது, இரண்டாம் குதி. உயரமானவர்கள் ஒருமுறை எட்டிக் குதித்துத் தரையில் இறங்கி, முழங்காலை மடக்கி, மறுபடி எழ நேரம் எடுத்துக்கொள்வார்கள். அதற்குள் மோரோ இரண்டாம் முறை மேலே இருப்பார். முதல் குதியில் பந்தைத் தட்டி உயிரோடு வைத்துக்கொள்வது, இரண்டாவதில் பிடிப்பது. உங்கள் பெண்களைச் சுவரோரம் நிறுத்தி, பந்தை இரண்டு கையாலும் சுவரில் தட்டித்தட்டி நிறுத்தாமல் இருபது முறை குதிக்கச் சொல்லுங்கள். என் பயிற்சியாளர் எங்களைச் செய்ய வைத்தது அதுதான். பத்தாவது குதியில் கெண்டைக்கால் எரியும், பதினைந்தாவதில் அவரைச் சபிக்கத் தோன்றும்.

கே: வாட்கின்ஸ் இல்லாமல் சவுத் கரோலினா மோரோவைச் சமாளிக்குமா?

ஆட்டத்தின் முடிச்சே இதுதான். ஆஷ்லின் வாட்கின்ஸுக்கு ஜனவரி 5ஆம் தேதி மிசிசிப்பி ஸ்டேட்டோடு ஆடியபோது முழங்காலில் தசைநார் கிழிந்தது. இந்தப் பருவம் அவருக்கு முடிந்துவிட்டது. போன ஆண்டின் நெடிய நடு ஆட்டக்காரர் கமிலா கார்டோசோவும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். ஆக, மோரோவுக்கு எதிராகக் குதிக்க இருப்பவர்கள் க்ளோயி கிட்ஸ், சானியா ஃபேகன், முதலாண்டு மாணவி ஜாய்ஸ் எட்வர்ட்ஸ் ஆகிய மூவர்தான்.

ஒருவரால் முடியாது. மூவரும் மாறிமாறி வந்தால் முடியும், ஏனென்றால் ஐந்தாவது ஃபவுலில்தான் ஒருவர் வெளியேற வேண்டும்; மூவருக்கும் சேர்த்து 15 ஃபவுல் இருக்கிறது. மோரோவிடம் இருப்பது ஐந்து. சவுத் கரோலினாவின் பயிற்சியாளர் டான் ஸ்டேலி இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருப்பார். முதல் பாதியிலேயே மோரோ இரண்டு ஃபவுல் வாங்கிவிட்டால் எல்.எஸ்.யு. பயிற்சியாளர் கிம் மல்கி அவரை உட்கார வைக்க நேரிடும். அப்போது ரீபவுண்டுக்கு எஞ்சுவது, முழங்கால் காயத்திலிருந்து இந்தப் பருவம் திரும்பி வந்திருக்கும் சமாயா ஸ்மித் மட்டும்.

கே: அணியில் அதிகப் புள்ளி எடுக்கும் எட்வர்ட்ஸை ஏன் ஆரம்பத்திலேயே இறக்குவதில்லை? இது அநியாயம் இல்லையா?

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எதிரணி நடு ஆட்டக்காரர்கள் ஆறு நிமிடம் ஓடிக் களைத்திருக்கும்போது புதுக்கால்களோடு எட்வர்ட்ஸ் உள்ளே வருகிறார். கூடவே மிலேசியா ஃபுல்வைலியும் வருகிறார். பாரிஸில் நோட்ர டாமுக்கு எதிராகப் பந்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கூடையில் சேர்த்தாரே, அவரேதான். கொலம்பியாவிலேயே பள்ளியில் படித்த பெண் என்பதால் அவர் எழுந்து மேசைப் பக்கம் நடந்தாலே அரங்கம் அதிரும். பெரும்பாலான அணிகள் மாற்று ஆட்டக்காரர்களை இறக்கும்போது தரம் குறையும். இவர்கள் இறக்கும்போது வேகம் கூடுகிறது. மல்கியிடம் அப்படியொரு பெஞ்சு இல்லை.

கே (டொராண்டோவிலிருந்து): எங்கள் ஊர்ப் பெண் ஷெயான் டே-வில்சன் எல்.எஸ்.யு.வில் இருக்கிறார். அவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள் அக்கா.

டியூக், மயாமி என்று இரண்டு கல்லூரி பார்த்துவிட்டு வந்தவர், அனுபவசாலி. நாளை அவருக்குத்தான் கடினமான வேலை, ஏனென்றால் பந்தை மேலே கொண்டுவரும்போது எதிரே சவுத் கரோலினாவின் ரேவன் ஜான்சன் நிற்பார். 2023 தேசியப் போட்டியின் அரையிறுதியில் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க், ரேவனால் தூரத்திலிருந்து எறிய முடியாது என்று கையை அசைத்து அலட்சியமாக விலகி நின்றார் அல்லவா? அந்தக் காட்சி நாடெங்கும் ஓடியது. அடுத்த ஆண்டு இறுதிப் போட்டியில் அதே கிளார்க்கின் கையிலிருந்து ரேவன் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினார். சவுத் கரோலினா 87–75 என்று வென்று 38–0 என்று பருவத்தை முடித்தது. அப்படிப்பட்டவர் எதிரே நிற்கும்போது எதிர்ப்பக்கம் முதுகைத் திருப்பிப் பந்தைத் தட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று உங்கள் ஊர்ப் பெண்ணுக்குச் சொல்லுங்கள்.

கே: போன மார்ச்சில் இந்த இரண்டு அணிகளும் அடித்துக்கொண்டனவே, அது நாளையும் தொடருமா?

அடித்துக்கொண்டார்கள் என்பது கொஞ்சம் அதிகம். கிரீன்வில்லில் கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டி, முடிய இரண்டு நிமிடம் இருந்தபோது எல்.எஸ்.யு.வின் ஃப்லாஜே ஜான்சனைக் கார்டோசோ தள்ளிவிட்டார். ஃப்லாஜேயின் அண்ணன் பார்வையாளர் பகுதியிலிருந்து களத்துக்குள் குதித்துக் கைதானார். கார்டோசோ வெளியேற்றப்பட்டார், பெஞ்சைவிட்டு எழுந்து வந்த மற்றவர்களும் வெளியேற வேண்டியதாயிற்று. சவுத் கரோலினா 79–72 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் எதிரெதிரே நின்ற கார்டோசோவும் எல்.எஸ்.யு.வின் ஏஞ்சல் ரீஸும் அடுத்த மாதமே ஒரே சிகாகோ தொழில்முறை அணிக்குத் தேர்வானதுதான் வேடிக்கை. நாளை நடுவர்கள் ஆரம்பத்திலேயே விசிலைக் கையில் வைத்துக்கொள்வார்கள். அது மோரோவுக்கு நல்ல செய்தி அல்ல.

கே: ஃப்லாஜே உண்மையிலேயே பாடகியா?

ஆமாம், ராப் பாடகி. பெரிய இசை நிறுவனத்தோடு ஒப்பந்தமும் இருக்கிறது.

கே: பயிற்சியாளர்களின் சம்பளம் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் நிஜமா?

நிஜம். போன வாரம்தான் ஸ்டேலிக்கு ஆண்டுக்கு 40 லட்சம் டாலர் என்று புதிய ஒப்பந்தம் அறிவித்தார்கள். பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் இதுவே உச்சம். அதுவரை அந்த இடம் மல்கியுடையது: பத்தாண்டுக்கு 3.2 கோடி டாலர். இருவருமே பாயிண்ட் கார்டுகள், இருவருமே ஆட்டக்காரராக ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர்கள். மல்கி 1984இல், ஸ்டேலி 1996, 2000, 2004 என்று மூன்று முறை. பயிற்சியாளராகத் தேசியப் பட்டம் மல்கிக்கு நான்கு, ஸ்டேலிக்கு மூன்று. சட்டையில் பளபளப்பு மட்டும் மல்கிக்கு எப்போதும் ஒரு படி அதிகம்.

கே: எல்.எஸ்.யு. வெல்ல வழியே இல்லையா? நான் அவர்கள் ரசிகன்.

இருக்கிறது, குறுகலானது. மிக்கேலா வில்லியம்ஸுக்குக் கை சூடாக வேண்டும். முதலாண்டிலேயே ஒரே ஆட்டத்தில் 42 புள்ளி எடுத்த பெண், சூடானால் நிறுத்த முடியாது. மோரோ நான்காம் பகுதி வரை மூன்று ஃபவுலுக்குள் இருக்க வேண்டும். சவுத் கரோலினாவின் டெஹினா பாவ்பாவை மூன்று புள்ளிக் கோட்டில் ஒருபோதும் தனியே விடக் கூடாது. போன பருவம் அந்தத் தூரத்திலிருந்து நாட்டிலேயே அதிகத் துல்லியம் அவருடையது. இந்த மூன்றும் ஒன்றாக நடக்க வேண்டும். போதாததற்கு இந்தச் செவ்வாயன்று எல்.எஸ்.யு.வின் ஊரான பேட்டன் ரூஜில் வரலாறு காணாத பனி கொட்டியது. பனியே பார்க்காத ஊரில் வாரம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எல்.எஸ்.யு. சவுத் கரோலினாவைக் கடைசியாக வென்றது 2012இல். சவுத் கரோலினா சொந்த அரங்கில் கடைசியாகத் தோற்றது 2020 டிசம்பரில். உங்களுக்கு ஆறுதலாக ஒன்று: 2023 பிப்ரவரியிலும் இரண்டு அணியும் தோல்வியே காணாமல் இதே அரங்கில் சந்தித்தன. எல்.எஸ்.யு. 88–64 என்று அடி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியது. ஏப்ரலில் தேசியக் கோப்பையைத் தூக்கியது அதே எல்.எஸ்.யு.தான்.

கே: சரி, முடிவு? நழுவாமல் சொல்லுங்கள்.

சவுத் கரோலினா, 12 புள்ளி வித்தியாசத்தில். மூன்றாம் பகுதி வரை ஆட்டம் நெருக்கமாக இருக்கும்.

கே: காலையில் அலுவலகம் போக வேண்டும். முழு ஆட்டமும் பார்க்க முடியாது. எதைப் பார்ப்பது?

முதல் பகுதியின் கடைசி நான்கு நிமிடத்தில் தொடங்கி, இரண்டாம் பகுதி முடியும் வரை. எட்வர்ட்ஸும் ஃபுல்வைலியும் எழுந்து வரும் நேரம் அது. மோரோவின் ஃபவுல் கணக்கைத் திரையின் ஓரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் அது ஒன்றோ பூஜ்யமோ என்றால் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போங்கள்.