எல்லா கேபிளையும் மாற்ற வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

திருமணக் காணொளிகளைத் தொகுத்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்துகிறேன். பன்னிரண்டு கணினிகளில் நான்கில் எடிட்டிங் நடக்கிறது. பதிவுகள் எல்லாம் நான்கு ஹார்ட் டிஸ்க் கொண்ட ஒரு சர்வரில் இருக்கின்றன. சுவருக்குள் கேட் 5இ ரக நெட்வொர்க் கேபிளும், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க 24 போர்ட் கிகாபிட் சுவிட்சும் உள்ளன. நால்வரும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் காட்சிகள் திக்கித் திக்கி ஓடுகின்றன. சுவரைக் கொத்தி, கேட் 6ஏ கேபிள் இழுத்து, 10 கிகாபிட் சுவிட்ச் போட வேண்டும் என்கிறார் நெட்வொர்க் வேலை செய்பவர். அந்தச் செலவு எனக்குத் தாங்காது. வேறு வழி உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சுவரைக் கொத்த வேண்டியதில்லை. கிகாபிட் இணைப்பில் கணக்குப்படி விநாடிக்கு 125 மெகாபைட், நடைமுறையில் 110 அல்லது அதற்குச் சற்று மேல் செல்லும். எடிட்டர் ஒவ்வொருவரின் மேசைக்கும் அந்த அளவு தனித்தனியாகக் கிடைக்கிறது. ஆனால் சர்வரிலிருந்து சுவிட்சுக்கு வருவது ஒரே ஒரு கிகாபிட் கேபிள் என்பதால், நால்வரும் சேர்ந்து கேட்கும்போது அந்த 110 நான்காகப் பிரிந்து ஆளுக்கு முப்பதுக்கும் குறைவாகிவிடுகிறது. எனவே முதலில் வேகப்படுத்த வேண்டியது சர்வரின் இணைப்பு. அதை மட்டும் 10 கிகாபிட்டாக்கினால், மேசைகளில் எதையும் தொடாமலேயே நால்வருக்கும் தலைக்கு 110 கிடைக்க வழி பிறக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு கணினியிலும் இணைப்பின் வேகம் எவ்வளவு என்று காட்டுகிறது எனப் பாருங்கள். கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். கிரிம்பிங் (கேபிள் நுனியில் பிளக்கைப் பொருத்துவது) சரியில்லாமல் ஒரு கம்பி தொடர்பிழந்தாலும் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கி, யாருக்கும் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓடக்கூடும். புதிய சுவிட்சால் இந்தக் கோளாறு தீராது.

அடுத்து, எட்டு 2.5 கிகாபிட் போர்ட்களும் எஸ்எஃப்பி பிளஸ் எனப்படும் இரண்டு 10 கிகாபிட் போர்ட்களும் கொண்ட சுவிட்ச் ஒன்றை வாங்குங்கள். சர்வரில் கார்டு போடும் இடம் இருந்தால் 10 கிகாபிட் எஸ்எஃப்பி பிளஸ் கார்டு ஒன்றைப் பொருத்தி, சர்வரும் சுவிட்சும் ஒரே அலமாரியில் இருக்கும் பட்சத்தில் டிஏசி எனப்படும் குட்டையான செம்புக் கேபிளால் இணைத்துவிடுங்கள். வழக்கமான நெட்வொர்க் பிளக் செருகும் ஆர்ஜே 45 வகை 10 கிகாபிட் கார்டுகளைவிட இதில் சூடு குறைவு என்பதால், எந்நேரமும் ஓடும் சர்வருக்கு இதையே நான் விரும்புவேன். எடிட்டிங் கணினிகள் நான்கும் புதிய சுவிட்சுக்கு வரட்டும். கணக்கு, அச்சு, கண்காணிப்பு கேமரா எல்லாம் பழைய சுவிட்சிலேயே இருக்கட்டும். இரண்டு சுவிட்சுகளுக்கும் இடையே ஒரு கிகாபிட் கேபிள் போதும்.

மேசைகளிலும் 2.5 கிகாபிட்டுக்குப் போனால் கேட் 5இ தாங்குமா என்று உங்களுக்குத் தயக்கம் இருக்கும். 2016இல் வந்த 802.3பிஇசட் என்ற நெட்வொர்க் தரம், ஏற்கெனவே கட்டடங்களுக்குள் கிடக்கும் கேபிளை மாற்றாமல் வேகத்தைக் கூட்டுவதற்காகவே உருவானது. கேட் 5இ கேபிள் 100 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் வரை வரையறுக்கப்பட்டது, 2.5 கிகாபிட்டுக்கும் அதுவே போதும் என்பதால் 100 மீட்டர் வரை ஓடும். 10 கிகாபிட்டுக்கோ ஏறத்தாழ 400 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். அதனால்தான் அந்த முழுத் தூரத்துக்குக் கேட் 6ஏ கேட்கிறார்கள். ஆனால் உங்கள் கேபிள் அசல் செம்பா என்பதைப் பார்த்தே ஆக வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள் சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. அதன் நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது எந்தத் தரத்துக்குள்ளும் வராது, அதை நம்பி வேகத்தைக் கூட்டக் கூடாது. அப்படி இருந்தால், அந்த நான்கு மேசைகளுக்கு மட்டும் புதிய கேபிள் இழுத்தால் போதும்.

இனி டிஸ்க். இதை உங்கள் நெட்வொர்க்காரர் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு வருத்தம். ஹார்ட் டிஸ்க் ஒன்று பெரிய கோப்பை வரிசையாகப் படித்தால் விநாடிக்கு 150 முதல் 250 மெகாபைட் வரை தரும். நான்கு பேர் நான்கு இடங்களிலிருந்து கேட்டால் அதன் முள் அங்குமிங்கும் அலைந்து அந்த வேகம் வெகுவாகச் சரியும். கம்பியை எவ்வளவு வேகப்படுத்தினாலும் டிஸ்க் கொடுப்பதற்கு மேல் எதுவும் வராது. ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருளால் கம்பியின் வேகத்தை மட்டும் தனியாக அளக்கலாம். அதில் நல்ல எண் வந்தும் கோப்பு மெதுவாகவே நகர்ந்தால், நடப்பு வேலைகளை மட்டும் வைத்துக்கொள்ள சர்வரில் சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றைச் சேருங்கள். முடித்துக் கொடுத்தவை ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கலாம்.

சர்வரில் இரண்டு கிகாபிட் போர்ட்களை ஒன்றாகப் பிணைக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். வழக்கமான பிணைப்பில் ஒரு கணினிக்கான போக்குவரத்து ஒரே கம்பியில்தான் செல்லும். இரண்டு எடிட்டர்கள் ஒரே கம்பியில் விழுந்தால் பழைய நெரிசலே திரும்பும். தரவைப் பெரிய துண்டுகளாக அனுப்பும் ஜம்போ ஃபிரேம் அமைப்பையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். அது பாதையில் உள்ள எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக அமைய வேண்டியது, பாதி மாறிய நெட்வொர்க்கில் கண்டுபிடிக்கக் கடினமான கோளாறுகளையே தரும்.