வாளைக் கொடுத்தால் இளவரசி மாறிவிடுவாளா? – கேள்வி பதில்

கேள்வி: இளவரசி வாள் சுழற்றினாலே ‘மரபை உடைத்த கதை’ என்கிறார்களே, சரியா?

பதில்: வாள் வெறும் வேஷம். ரஷ்ய ஆய்வாளர் விளாதிமிர் பிராப் 1928இல் மாயக்கதைகளைப் பிரித்து மேய்ந்தபோது, ஆள் யார் என்று பார்க்கவில்லை. கதையில் அவருக்கு என்ன வேலை என்றுதான் பார்த்தார். அவர் கணக்கில் 31 செயல்கள், 7 வகைப் பாத்திரங்கள். படம் முழுக்கச் சண்டை போட்டவள் கடைசியில் கட்டுண்டு கிடந்து நாயகனுக்குக் காத்திருந்தால், அவள் பழைய இளவரசியேதான்.

கேள்வி: உண்மையிலேயே உடைத்த கதை ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: டிஸ்னியின் ‘ஃப்ரோஸன்’ படம் (2013). அக்கா எல்சாவின் மந்திரம் பட்டு இளவரசி அன்னாவின் இதயம் உறைகிறது. உண்மையான அன்பின் செயல்தான் உருக்கும் என்றதும் எல்லோரும் முத்தம் என்றே நினைக்கிறார்கள், நாமும்தான். முத்தமிட வேண்டிய வருங்கால மாப்பிள்ளை ஹான்ஸ் அவளை அறையில் பூட்டிவிட்டுப் போகிறான். பிறகு பனிவெளியில், அவளை நேசிக்கும் கிறிஸ்டாஃப் ஓடி வருகிறான். அவனிடம் போனால் பிழைக்கலாம். அன்னா திரும்பி, அக்காமீது ஹான்ஸ் இறக்கும் வாளுக்குக் குறுக்கே போய் நிற்கிறாள். சாபம் நீக்கும் வேலையை, அதற்கு ஆளானவளே செய்துவிடுகிறாள்! ஹான்ஸ் மட்டும் புதியவன் அல்ல. பிராப் பட்டியலில் ‘போலி நாயகன்’ ஏற்கெனவே உண்டு. அவனை அத்தனை நேரம் நல்லவனாக நம்பவைத்ததுதான் சாமர்த்தியம்.

கேள்வி: ‘ஷ்ரெக்’ படம்?

பதில்: முத்தத்தால் சாபம் நீங்குகிறது, ஆனால் இளவரசி ஃபியோனா பூத உருவிலேயே நிலைத்துவிடுகிறாள். அழகுதான் பரிசு என்ற கணக்கு அங்கே கவிழ்ந்துவிட்டது.

கேள்வி: வில்லிகளுக்கு நியாயம் கற்பிப்பது மூலக்கதையைக் கெடுப்பதாகாதா?

பதில்: எந்த மூலம்? ஜெர்மன் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடித்தவள் பெற்ற தாய். 1819இல்தான் மாற்றாந்தாய் ஆனாள். அவர்களுடைய தவளை இளவரசன் கதையில் முத்தமே கிடையாது. இளவரசி எரிச்சலில் தவளையைச் சுவரில் வீசி அடிக்கிறாள், கீழே விழுவது இளவரசன். பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697இல் வெளியிட்ட சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையோ, ஓநாய் அவளைத் தின்றதோடு சரி. காப்பாற்ற ஒருவரும் வரவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. வில்லிக்கு ஒரு சோகக் கதையைக் கொடுத்துவிட்டு, அவள் சுமந்த கெட்டதனத்தை அப்படியே இன்னொருவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். தூங்கும் அழகியின் கதையை வில்லியின் பக்கமிருந்து சொல்லும் ‘மேலிஃபிசென்ட்’ படத்தில் (2014) சாபமிட்டவளின் முத்தமே தூக்கத்தைக் கலைப்பது அருமை. ஆனால் அந்த அழகியின் அப்பா ராஜா ஸ்டெஃபனைப் பாருங்கள், அந்த இடத்துக்கு வந்த புது வில்லன், அவ்வளவுதான்.

கேள்வி: நான் எழுதும் கதையை எப்படிச் சோதிப்பது?

பதில்: கதை திரும்பும் இடத்தில் முடிவெடுப்பது யார், அதனால் யார் எதை இழக்கிறார் என்று பாருங்கள். அந்த இடம்வரை வாசகர் பழைய கதையையே எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்ப்பே இல்லாவிட்டால் கவிழ்க்க என்ன இருக்கிறது? முதல் பக்கத்தில் ‘இவள் மற்ற இளவரசிகளைப் போல் அல்ல’ என்று எழுதியிருந்தால், அந்த வரியை இப்போதே அடித்துவிடுங்கள்.