தாய்ப்பால் கொடுக்க வகுப்பு எதற்கு? நம் பாட்டிமார்கள் எந்த வகுப்புக்குப் போனார்கள்?

மனைவிக்கு எட்டாவது மாதம், ஆஸ்பத்திரியில் தாய்ப்பால் வகுப்புக்கு வரச் சொல்கிறார்கள், அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியம்தான். கூட நீங்களும் போங்கள்.

பாட்டிக்கு வகுப்பு இல்லை என்று யார் சொன்னது? அக்கா, அத்தை, சித்தி என்று வீட்டில் நாலு பேர் பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுப்பதைப் பார்த்தே வளர்ந்தவர். அதுதான் அவருடைய வகுப்பு. அபார்ட்மென்ட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அந்த வாய்ப்பே கிடைத்திருக்காது. அதே பாட்டிமார்களில் பலர் பிரசவமானதும் முதலில் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு, குழந்தைக்குச் சேனைத் தண்ணி, அதாவது சர்க்கரைத் தண்ணி, வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். (பெரியவர்களைக் குறை சொல்ல வரவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

வகுப்பில் முக்கியமாகப் பழக வேண்டியது குழந்தையை மார்பில் பிடித்து வைக்கும் விதம். குழந்தையின் வயிறு அம்மாவின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில். மூக்கு காம்புக்கு நேராக. மேலுதட்டைக் காம்பால் தொட்டு, கொட்டாவி விடுவதுபோல் வாய் பெரிதாகத் திறக்கும்வரை காத்திருந்து, அந்த நொடியில் குழந்தையைச் சட்டென்று மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மார்பைக் குனிந்து குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோனால் முதுகுவலிதான் மிச்சம். தலையின் பின்பக்கத்தைப் பிடித்து அழுத்தவும் கூடாது, குழந்தை திமிறும். கழுத்தையும் தோளையும் தாங்கினால் போதும். முகவாய் மார்பில் புதைந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடங்கியிருந்தால் சரி. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் வாய்க்குக் கீழே தெரிவதைவிட மேலே கூடுதலாகத் தெரியும்.

குடித்து முடித்ததும் காம்பைப் பாருங்கள். லிப்ஸ்டிக் முனைபோல ஒருபக்கம் சரிந்து நசுங்கியிருந்தால் குழந்தை காம்பை மட்டும் கடித்துக் குடித்திருக்கிறது. வெடிப்பும் புண்ணும் பெரும்பாலும் இதனால்தான். இழுத்துப் பிடுங்காமல், சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியைத் தளர்த்தி மறுபடி வையுங்கள். சிசேரியன் என்றால் தையலில் பாரம் விழாமல் பக்கவாட்டில் படுத்தோ, குழந்தையைக் கக்கத்துப் பக்கம் வைத்தோ கொடுக்கலாம்.

அடுத்தது, "பால் பத்தலை" என்ற பேச்சு. இரண்டாம் நாள் ராத்திரி குழந்தை விடாமல் அழும், யாராவது இதைச் சொல்வார்கள். முதல் நாள் ஒரு வேளைக்குக் குழந்தை குடிப்பதே சுமார் 2 முதல் 10 மில்லிதான், இரண்டு டீஸ்பூனுக்கு மேல் போகாது. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை கொடுக்க வேண்டும். அழுகையை வைத்து முடிவு கட்டாதீர்கள், குழந்தை மூத்திரம் போய் நனைத்த ஈரத்துணியை எண்ணுங்கள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, ஐந்தாம் நாளிலிருந்து ஆறுக்குக் குறையக் கூடாது. கறுப்பாகப் போன மலம் அதற்குள் மஞ்சளாகியிருக்கும். பிறந்த எடை சற்றுக் குறைந்து இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். ஈரத்துணி குறைந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். டாக்டர் காரணம் சொல்லிப் பவுடர் பால் கொடுக்கச் சொன்னால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று டின் வாங்குவது வேறு கதை. பவுடர் பாலுக்கு விளம்பரம் செய்வதையும் தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுப்பதையும் 1992லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள்.

மூன்று நாலு நாளில் பால் கட்டி மார்பு கல்லாகும். கருவட்டம் விறைத்துவிட்டால் குழந்தையால் கவ்வ முடியாது. கொடுப்பதற்கு முன் கையால் கொஞ்சம் பீய்ச்சி அந்த இடத்தை இளக்குங்கள், கொடுத்த பிறகு குளிர்ந்த துணி போடுங்கள். காய்ச்சலோடு ஒரு பக்கம் சிவந்தால் டாக்டரைப் பாருங்கள், ஆனால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். பூண்டு தாராளமாகச் சாப்பிடட்டும். "தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்" என்று தாகத்தோடு மட்டும் வைக்காதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: பிரசவ வார்டுக்குப் பதினைந்து பேராக ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றி செல்ஃபி எடுக்கிறார்களே, அவர்கள் கிளம்பும்வரை அந்தப் பெண் மாராப்பை எடுக்கக் கூசிக்கொண்டு பாலே கொடுக்க மாட்டாள். வாசலிலேயே அவர்களை நிறுத்தும் வேலை உங்களுடையது.