நீல வரியனா, அந்துப்பூச்சியா?

அன்புள்ள சார்,

குலசேகரத்துக்கு மேற்கே மலையோரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. ஓடைக்கரையில் பட்டப்பகலில் நீல நிறப் பூச்சி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. இலைமேல் உட்கார்ந்தபோது போனில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். ஒரு செயலி ‘நீல வரியன் வண்ணத்துப்பூச்சி’ என்றது, இன்னொன்று ‘புலி அந்துப்பூச்சி’ என்றது. பகலில் பறப்பதால் வண்ணத்துப்பூச்சிதான் என்கிறான் மகன். அதே கரையில் ஒரு மரம் முழுக்க மஞ்சள் புழுக்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? ரப்பருக்கு ஆபத்து என்றால் மருந்து அடிக்கலாமா?

ராஜன்

அன்புள்ள ராஜன்,

உங்கள் மகன் நேரத்தைப் பார்த்தார், செயலிகள் நிறத்தைப் பார்த்தன. இந்தப் பூச்சியிடம் இரண்டும் செல்லுபடியாகாது. படத்தில் இருப்பது டிஸ்பேனியா என்ற பேரினத்தைச் சேர்ந்த அந்துப்பூச்சி. ஜியோமெட்ரிடே குடும்பம். உலகில் 23,000க்கு மேல் இனங்கள் உள்ள குடும்பம் இது. பெரும்பாலானவை மரப்பட்டை நிறத்திலோ காய்ந்த இலை நிறத்திலோ இரவில் விளக்கடிக்கு வருபவை. அந்தக் கூட்டத்தில் நீலமும் மஞ்சளும் பூசிக்கொண்டு வெயிலில் திரிகிற சிலவற்றில் இதுவும் ஒன்று.

படத்தைப் பெரிதாக்கித் தலைப்பக்கம் போங்கள். வண்ணத்துப்பூச்சியாக இருந்தால் உணர்கொம்பின் நுனி குமிழ்போலத் தடித்திருக்கும். இதில் நுனி மெலிந்து போகிறது. கீழ்ப்பகுதியில் இருபுறமும் சீப்புப் பல்போலக் கிளைகள், ஆகவே ஆண். அடுத்து கால்கள். நீல வரியன் சேர்ந்த குடும்பத்தில் முன்னங்கால் இரண்டும் குறுகி மார்போடு ஒட்டியிருக்கும், நான்கு கால்களில்தான் நிற்கும். உங்கள் படத்தில் முன்னங்கால் ஒன்று இலை விளிம்பை நன்றாகப் பற்றியிருக்கிறது. இது போதும், வண்ணத்துப்பூச்சி என்ற பேச்சை விட்டுவிடலாம். நான்கு இறகுகளையும் பலகைபோல விரித்து இலையோடு இலையாகப் படிந்திருப்பதும் இந்தக் குடும்பத்துக்குரிய இருப்பு.

புலி அந்துப்பூச்சியைத் தள்ளுவதற்குக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். இரண்டுக்கும் காது உண்டு. புலி அந்துக்கு அது மார்பின் பின்பகுதியில், ஜியோமெட்ரிடே குடும்பத்துக்கு வயிற்றின் அடியில். போன் படத்தில் அதெல்லாம் தெரியாது. ஆனால் மஞ்சள் புழுக்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, பதில் அங்கேதான் இருக்கிறது. புலி அந்தின் புழு கம்பளிப்புழு, உடலெங்கும் மயிர். டிஸ்பேனியாவின் புழுவோ வழுவழுப்பானது, பளிச்சென்ற மஞ்சளில் கருநீலப் புள்ளிகள். மூன்று ஜோடி மார்புக்கால்களும் வாலருகே இரண்டு ஜோடிப் பொய்க்கால்களும் (கால்போல ஊன்ற உதவும் சதை முண்டுகள்) மட்டும். நடுவில் ஊன்றக் காலில்லாததால் உடலை வில்லாக வளைத்து, பின்னங்காலை முன்னங்காலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து நடக்கும். ஆமணக்கில் வரும் காவடிப்புழுவும் இப்படி வளையும்தான், ஆனால் அதற்குப் பொய்க்கால் இன்னும் கூடுதல், குடும்பமும் வேறு. ஒரு குச்சியால் கிளையை லேசாகத் தட்டிப் பாருங்கள். புழு பின்கால்களால் மட்டும் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றுவிடும்.

இனி மரம். என்னைக் கேட்டால் இந்தப் பேரினத்தை அடையாளம் காண இறகைவிட மரம்தான் நம்பகமானது. ஓடைக்கரை என்றதுமே நினைத்தேன். கராலியா பிரேக்கியேட்டா, உங்கள் எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் வல்லபம் என்பார்கள். கண்டல் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் உப்புத் தண்ணீரைத் தேடாமல் உள்நாட்டில், ஈரமான இடத்தில் வளர்வது. இலைகள் எதிரெதிரே, தடிப்பும் பளபளப்புமாக இருக்கும். கணுவில் வளையம்போலத் தழும்பு. இலையைத் திருப்பினால் அடியில் பொடிப் பொடியாகக் கரும்புள்ளிகள். இவை பொருந்தினால் புழுவும் பறந்த பூச்சியும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே பேரினத்தின் நுமானா என்ற இனம் இருக்கிறது. அதன் புழுவும் இளமையில் இதே மரத்தைத்தான் தின்கிறது. பிற்பகலில் பறப்பதால் அங்கே அதற்கு ‘நாலு மணி அந்துப்பூச்சி’ என்றே பெயர்.

இதில் ஒரு வேடிக்கை. டிஸ்பேனியாவை ஜியோமெட்ரினே என்ற துணைக்குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பாலானவை மரகதப் பச்சை. இது துளிப் பச்சையும் இல்லாமல் அங்கே உட்கார்ந்திருப்பதற்கு உடற்கூறே காரணம். உதாரணமாக, இறகில் கோடுகளாக ஓடும் நரம்புகளில், பின்னிறகில் எம்2 எனப்படும் ஒன்று. மற்றொரு பெரிய துணைக்குடும்பமான என்னோமினேயில் அது மங்கியோ மறைந்தோ இருக்கும். ஜியோமெட்ரினேயில் தெளிவாக இருக்கிறது, அதுவும் பக்கத்து எம்1 நரம்பை நெருங்கியே கிளம்புகிறது. நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஹாம்ப்சன், 1890களில் இந்திய அந்துப்பூச்சிகளைத் தொகுத்தபோது பேரின விளக்கங்களை வாயுறுப்பு, உணர்கொம்பு, கால், நரம்பு என்றுதான் எழுதிப்போனார். நிறம் வருவது இனங்களைப் பிரிக்கும் கட்டத்தில்தான்.

அந்தக் கட்டத்துக்கு வந்தால், தென்னிந்தியாவில் முக்கியமாக இரண்டைப் பார்க்க வேண்டும். பெர்கோட்டா சாம்பல் கலந்த நீலம், அதில் கருநீலத் திட்டுகள். பால்மைராவுக்கு முன்னிறகின் அடிப்பாதி மஞ்சள், வெளிப்பாதி ஊதா, பின்னிறகும் மஞ்சளோடிருக்கும். அது இலங்கையிலும் உண்டு. உங்களுடையது பெர்கோட்டா என்றே தோன்றுகிறது. ஆனால் ஒரு இறகு பாதி நிழலில் இருப்பதால் இப்போதைக்கு டிஸ்பேனியா என்று குறித்து வையுங்கள். பார்த்த பூச்சியை ஏதாவது பதிவுத் தளத்தில் ஏற்றினால் மரத்தின் பெயரையும் எழுதுங்கள், பலரும் அதை விட்டுவிடுகிறார்கள்.

மருந்து வேண்டாம். இந்தப் புழுவின் வேலை வல்லபத்தோடு சரி, ரப்பரில் அதற்கு ஒன்றுமில்லை. மேலும் அது ஓடைக்கரை. அடிக்கிற மருந்து புழுவோடு நிற்காது, தண்ணீருக்குத்தான் போகும். முடிந்தால் புழு நடக்கும்போது பக்கவாட்டில் ஒரு படமும், இலையின் அடிப்பக்கம் ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள்.