டிங்கிக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரையைக் கூட்டலாமா?

கூட்ட வேண்டாம். ஆயர் ஈத்தாமில் இருக்கும் அப்பாவுக்கு டிங்கி, தினமும் போடும் கொலஸ்ட்ரால் மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டினை இரண்டாக்கினால் ரத்தக்குழாய்க் கசிவு குறையுமா என்று கேட்டிருந்தீர்கள். யோசனை ஒன்றும் கிறுக்குத்தனம் இல்லை: டிங்கியில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் குழாய்ச் சுவர் கசிந்து ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியேறுவதுதான், ஸ்டாட்டின் எனும் இந்த வகை மாத்திரை அந்தச் சுவரைக் காக்கலாம் என்று வியட்நாமில் அதே வகையைச் சேர்ந்த லோவாஸ்டாட்டினை டிங்கி நோயாளிகளுக்குக் கொடுத்தே பார்த்தார்கள், கெடுதல் இல்லை, ஆனால் பலனும் தெரியவில்லை. போதாததற்கு டிங்கியில் கல்லீரலும் அடி வாங்கும், மாத்திரையைக் கூட்டினால் அதற்குச் சுமை கூடலாம்.

எனக்குக் கவலை அவர் போடும் ஆஸ்பிரின்தான், அது ரத்தம் உறைவதைக் குறைக்கும். ஈறில் ரத்தம் வருகிறது என்றீர்களே, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் இறங்கும் நேரத்தில் ஆஸ்பிரினும் சேர்ந்ததால் இருக்கலாம். ஆனால் ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் (சிறு வலைக்குழாய்) வைத்தவர், ஆஸ்பிரினை நிறுத்தினால் அது அடைத்துக்கொள்ளலாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இப்போதே எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போய் மாத்திரைப் பட்டையையே டாக்டரிடம் காட்டுங்கள்.

கிளினிக்கில் எடுத்த ரத்த ரிப்போர்ட்டுகளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிளேட்லெட் இறங்க இறங்க ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா என்று பாருங்கள், ஏறினால் கசிவு தொடங்கியிருக்கலாம்.

அப்புறம், காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம், சிக்கல் வருவதே பெரும்பாலும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான். உடம்புவலிக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. ஐபுபுரோஃபென் கூடவே கூடாது.